கம்ப்யூட்டர் சொன்னால் போதுமா?



நம் சங்க இதழில் வரிப் பிரச்சினை, கடை வாடகை, உரிமம் புதுப்பித்தல் என்று எத்தனையோ விஷயங்கள் எழுதப்படுகின்றன. இந்த முறை ஒரு புள்ளியையும் ஒரு கமாவையும் பற்றி எழுத விரும்புகிறோம். இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று சிலர் சிரிக்கலாம். அந்த ஒரு புள்ளியால், எங்கள் கடையில் நாற்பது ஆண்டு உழைத்த மனிதரைச் சந்தேகித்து, பிறகு அவர் முன்னால் தலைகுனிந்து நின்றவர்கள் நாங்கள். மற்றவர்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறோம்.

எங்களுடையது மளிகைச் சரக்கு மொத்த வியாபாரம். மல்லி, வற்றல், பருப்பு வகைகளோடு பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூவும் வைத்திருக்கிறோம். எங்களுக்கு வரும் பட்டை வியட்நாம் சரக்கு. தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கி லாரியில் எங்கள் கிட்டங்கிக்கு வந்து சேரும். கணக்கு முழுவதையும் கம்ப்யூட்டருக்கு மாற்றிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் எங்கள் கணக்குப்பிள்ளை அண்ணாச்சி, அப்பா காலத்துப் பழக்கத்தை விடாமல், கிட்டங்கி நோட்டு ஒன்றைத் தனியாக எழுதி வருவார். வந்த சிப்பம் எத்தனை, எடை என்ன, போனது என்ன என்று அன்றன்று எழுதி அடியில் கையெழுத்துப் போடுவார். "அதுதான் கம்ப்யூட்டரில் ஏறுகிறதே அண்ணாச்சி, உங்களுக்கு எதற்கு இரட்டை வேலை?" என்று நாங்களே பல தடவை கேட்டிருக்கிறோம். அவர் சிரித்துக்கொண்டு எழுதிக்கொண்டே இருப்பார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் மாதம். வருடக் கணக்கு முடிப்பதற்காக இருப்பு எடுத்தோம். பட்டையில் கம்ப்யூட்டர் காட்டிய வரவு 3,757 கிலோ. விற்றது 2,900 கிலோ. ஆக, மீதி 857 கிலோ இருக்க வேண்டும். கிட்டங்கியில் எடை போட்டுப் பார்த்தால் 3,025 கிலோ இருந்தது. ஏறக்குறைய 2,168 கிலோ அதிகம்!

சரக்கு குறைந்தால் திருட்டு என்று நினைப்போம். சரக்கு அதிகமானால் என்ன நினைப்பது? கணக்கில் இல்லாத சரக்கு கிட்டங்கியில் இருந்தால், ஆய்வுக்கு வரும் அதிகாரி கேட்கும் முதல் கேள்வி என்ன என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அதைவிட மோசமான எண்ணம் ஒன்றும் எங்களுக்கு வந்தது. நம் கிட்டங்கியில் நமக்குத் தெரியாமல் வேறு யாருடைய சரக்காவது இறங்குகிறதா? நம் இடத்தில் நம் ஆள் தனி வியாபாரம் நடத்துகிறாரா? சாவி அண்ணாச்சியிடம்தான் இருக்கிறது. கிட்டங்கி நோட்டும் அவர் எழுதுவதுதான். அந்த நோட்டில் பட்டை வரவு 5,925 கிலோ என்று எழுதியிருந்தது.

லோடுமேன்கள், கடைப் பையன்கள் எல்லோரும் நிற்கும்போதே கேட்டுவிட்டோம். "கம்ப்யூட்டரில் 3,757 என்று இருக்கிறது. உங்கள் நோட்டில் 5,925 எப்படி வந்தது?" அவர் ஒன்றே ஒன்று சொன்னார். "பில்லை எடுத்துப் பாருங்கள் முதலாளி." பில் கட்டு அப்போது ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்தது. ஆள் அனுப்பி வாங்கிப் பார்க்கும் பொறுமை எங்களுக்கு இல்லை. "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" என்று சொல்லிவிட்டோம். அவர் சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அடுத்த இரண்டு நாள் கடைக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் பில் வந்தது. 5,925 கிலோ. அண்ணாச்சி எழுதியதில் ஒரு கிலோகூடத் தவறு இல்லை.

அப்படியானால் தவறு எங்கே? கம்ப்யூட்டர் வேலையைப் பார்ப்பது எங்கள் தம்பி மகன். படித்த பையன், கவனமானவன்தான். அவன் பழைய மின்னஞ்சலைத் தேடி எடுத்தான். வியட்நாமில் சரக்கு அனுப்பியவர்கள் ஆறு லாட்டுக்கும் எடையை ஒரு பட்டியலாக அதில் எழுதியிருந்தார்கள். 940, 985, 1.050, 870, 1.120, 960. இவன் அதை அப்படியே எடுத்து எக்ஸெல் தாளில் ஒட்டி, கூட்டி, வந்த மொத்தத்தை ஸ்டாக்கில் ஏற்றியிருக்கிறான். வியட்நாமில் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி வைப்பார்கள், தசமத்துக்குக் கமா வைப்பார்கள். நமக்கு நேர் எதிர். அவர்கள் 1.050 என்று எழுதினால் அது ஆயிரத்து ஐம்பது கிலோ. எங்கள் கம்ப்யூட்டருக்கு அது ஒரு கிலோ ஐம்பது கிராம். அப்படியே 1.120 என்பது ஒரு கிலோ நூற்றிருபது கிராம். இரண்டு லாட் சரக்கு ஒரு கைப்பைக்குள் அடங்கிப் போயிற்று!

"ஆறு வரிதானே, பார்த்தால் தெரியாதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நாங்கள் ஆறு வரியைப் பார்க்கவில்லை. அடியில் இருந்த மொத்தத்தை மட்டும் பார்த்தோம். 3,757 என்பது நம்பக்கூடிய எண்ணாகத்தான் இருந்தது. பில் தொகையைப் பையன் தனியாக ஏற்றியிருந்தான். அதில் பிழை இல்லை. அதனால் வரிக் கணக்கிலும் இது பிடிபடவில்லை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வணிகர்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். ஆறு எடையும் ஆயிரம் மடங்கு குறைந்திருந்தால், மொத்தம் ஆறு கிலோ என்று வந்திருக்கும், அன்றைக்கே சிரித்துவிட்டுத் திருத்தியிருப்போம். ஆனால் ஆயிரத்துக்குக் கீழே உள்ள எண்ணுக்குப் பிரிப்புக் குறியே தேவை இல்லை. அதனால் 940, 985, 870, 960 நான்கும் சரியாகவே ஏறின. ஆயிரத்தைத் தாண்டிய இரண்டு மட்டும் சுருங்கின. முழுப் பொய் உடனே மாட்டிக்கொள்ளும். பாதி உண்மையோடு கலந்த பொய்தான் வருடக் கணக்கு வரை ஒளிந்திருக்கும்.

இது வியட்நாமில் மட்டும் உள்ள வழக்கம் அல்ல. கிராம்பு அனுப்பும் இந்தோனேசியா, மிளகு விளையும் பிரேசில், ஐரோப்பாவில் ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் எல்லாம் தசமத்துக்குக் கமா போடுகிறவர்கள்தான். பிரான்சிலும் தசமத்துக்குக் கமாதான். ஆயிரத்தைப் பிரிக்க இடைவெளி விடுவார்கள். இங்கிலாந்து, அமெரிக்கா, சீனா, ஜப்பான், நம் பக்கத்து இலங்கை, மலேசியா ஆகியவை நம்மைப் போலத் தசமத்துக்குப் புள்ளி வைப்பவை. ஆனால் அவற்றோடும் நமக்கு ஒரு வேறுபாடு உண்டு. நாம் லட்சம், கோடி என்று பிரித்து 12,34,567 என்று எழுதுவோம். அவர்கள் மூன்று மூன்றாகப் பிரித்து 1,234,567 என்று எழுதுவார்கள்.

எடை அளவைகளுக்கான உலகப் பொது மாநாடு 2003ஆம் ஆண்டில் இதைப் பற்றித் தீர்மானமே போட்டது. தசமக் குறியாகப் புள்ளியும் இருக்கலாம், கமாவும் இருக்கலாம் என்று இரண்டையும் ஏற்றுக்கொண்டது. பெரிய எண்களை மூன்று மூன்றாகப் பிரிக்க வேண்டுமானால் நடுவில் இடைவெளி விடலாமே தவிர, புள்ளியோ கமாவோ வைக்கக்கூடாது என்றும் சொன்னது. விஞ்ஞானிகள் ஏற்றுக்கொண்டார்கள். வியாபார உலகம் அவரவர் வழக்கத்திலேயே இருக்கிறது. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அவர்கள் நாட்டில் அவர்கள் எழுதுவது சரி. நம் நாட்டில் நாம் எழுதுவது சரி. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டர் எந்த நாட்டுக்காரர் என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதில் கம்ப்யூட்டருக்கு உள்ளேயே ஓர் இடத்தில் இருக்கிறது. விண்டோஸில் கண்ட்ரோல் பேனல் என்ற பகுதியில் 'ரீஜன்' என்று ஒன்று உண்டு. எந்த நாடு, எந்த மொழி என்று அங்கே குறித்திருக்கும். அதில் 'அடிஷனல் செட்டிங்ஸ்' என்பதைத் திறந்தால், தசமக் குறி எது, பிரிப்புக் குறி எது, எத்தனை இலக்கத்துக்கு ஒரு தடவை பிரிப்பது என்று எல்லாம் இருக்கும். தேதியை எந்த வரிசையில் எழுதுவது என்பதும் அங்கேதான். எக்ஸெல் போன்ற புரோகிராம்கள் பெரும்பாலும் இந்த இடத்தைப் பார்த்துத்தான் எண்ணைப் படிக்கின்றன. ஒரே பட்டியலை இரண்டு கம்ப்யூட்டரில் ஒட்டினால் இரண்டு விதமான மொத்தம் வரலாம். இரண்டுமே தங்களுக்குச் சொன்னபடி சரியாகக் கூட்டியவைதான்.

எங்கள் தகப்பனார் எழுதிய பழைய பேரேடுகள் இன்னும் எங்களிடம் இருக்கின்றன. 5-4-6 என்று அதில் எழுதியிருக்கும். இன்றைய பிள்ளைகளிடம் காட்டினால் தேதியா என்று கேட்பார்கள். ஐந்து ரூபாய் நாலணா ஆறு பை அது. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்து, ரூபாய்க்கு நூறு காசு என்று ஆவதற்கு முந்தைய கணக்கு. ஆனால் அந்தப் பேரேட்டின் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'ரூ. அ. பை.' என்று கோடு போட்டு எழுதியிருக்கும். எந்தக் கட்டத்தில் எது என்று அந்தத் தலைப்பே சொல்லிவிடும். எழுதியவர் இல்லாவிட்டாலும் அறுபது ஆண்டு கழித்து நாங்கள் படித்துப் புரிந்துகொள்கிறோம். கம்ப்யூட்டரிலும் அப்படி ஒரு தலைப்பு உண்டு. ஆனால் அது கணக்குத் தாளில் இல்லை. யாரும் போகாத உள்ளறையில் வைத்துப் பூட்டியிருக்கிறது. இதுதான் எங்கள் குறை.

இந்த உள்ளறையை மாற்றி வைப்பவர் பெரும்பாலும் நாமே அல்ல. அடுத்த வருடமே எங்களுக்கு இன்னொரு அனுபவம் கிடைத்தது. கம்ப்யூட்டர் பழுதாகி, மெக்கானிக் விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். நாட்டின் பெயர் அமெரிக்கா என்று வந்ததை அவர் மாற்றவில்லை. நாங்களும் பார்க்கவில்லை. அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதி, நாளைப் பிறகு எழுதுவார்கள். வெளியிலிருந்து வந்த பில் பட்டியலை எக்ஸெலில் திறந்தபோது, ஜூன் 3ஆம் தேதி போட்ட 03/06 பில், மார்ச் 6ஆம் தேதி பில் ஆகிவிட்டது. மூன்று மாதப் பாக்கி என்று பட்டியல் வந்தது. எங்கள் பையன் ஒரு சில்லறைக் கடைக்காரருக்குப் போன் போட்டு, கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டான். பில் போட்டுப் பத்து நாள்கூட ஆகவில்லை! சொன்ன தவணை தவறாதவர் அவர். கடையில் வாடிக்கையாளர்கள் நிற்கும்போது அந்தப் போனை எடுத்திருக்கிறார். அவரைச் சமாதானப்படுத்த நாங்கள் நேரில் போக வேண்டியிருந்தது.

இங்கேயும் அதே பாதி உண்மைதான். பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால், 12ஆம் தேதிக்குப் பிந்தைய பில்களைக் கம்ப்யூட்டர் புரட்டிப் போட முடியாது. அவற்றைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். மாதத்தின் முதல் பன்னிரண்டு நாள் பில்கள்தான் தலைகீழாகும். மேலோட்டமாகப் பார்த்தால் பட்டியல் ஒழுங்காகவே தெரியும். சிறு, குறு நிறுவனங்களிடம் சரக்கு வாங்கினால் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்த 45 நாளை எண்ணுவதும் இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதைக் கேட்டுவிட்டு, "பழையபடி பேரேட்டுக்கே போய்விடலாமே" என்று ஒரு நண்பர் சொன்னார். அதை நாங்கள் ஏற்கவில்லை. 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு கம்ப்யூட்டர் இல்லாமல் வியாபாரம் இல்லை. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கூட்டியதை அது ஒரு நொடியில் கூட்டுகிறது. "வேலை பார்க்கும் பையன் கவனக்குறைவு, அவ்வளவுதான்" என்று இன்னொருவர் சொன்னார். அதையும் நாங்கள் ஏற்கவில்லை. ஓர் ஊழியர் தவறியதற்காக அவர்மேல் பழி போட்டுவிட்டு நாம் தப்பிக்க முடியாது. கம்ப்யூட்டரை வாங்கி வைத்தவர் முதலாளி. அது எந்த நாட்டுக் கணக்கில் எண்ணுகிறது என்று தெரிந்துகொள்வதும் முதலாளியின் கடமையே. தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம் அல்லவா? இதுவும் ஒரு தராசுதான்.

என்ன செய்யலாம்? எங்கள் கடையில் இப்போது கடைப்பிடிப்பதைச் சொல்கிறோம்.

முதலாவதாக, கம்ப்யூட்டர் புதிதாக வந்தாலும், பழுது பார்த்து வந்தாலும், பில் போடுவதற்கு முன் ஒரு சோதனை. எக்ஸெலில் ஒரு புதிய கட்டத்தில் 1,050 என்று அடித்து, பக்கத்துக் கட்டத்தில் அதோடு ஒன்றைக் கூட்டச் சொல்ல வேண்டும். 1051 என்று வந்தால் நம் வழக்கம். இரண்டு சொச்சம் என்று வந்தால் கமா தசமக் குறியாக இருக்கிறது. அடுத்து, இன்னொரு கட்டத்தில் 5/4 என்று அடிக்க வேண்டும். ஏப்ரல் 5 என்று வந்தால் சரி. மே 4 என்று வந்தால் கம்ப்யூட்டர் அமெரிக்காவில் இருக்கிறது. ரீஜனில் 'இங்கிலீஷ் இந்தியா' என்று மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய பின் மறுபடியும் சோதிக்க வேண்டும். எக்ஸெலில் மட்டும் தனியாகக் குறிகளை மாற்றி வைக்கவும் இடம் உண்டு என்பதால், ரீஜனை மட்டும் பார்த்துத் திருப்தி அடையக்கூடாது.

இரண்டாவதாக, வெளிநாட்டிலிருந்து வரும் பட்டியல் எதையும் அப்படியே ஒட்டுவது கிடையாது. ஒரு வரியை எடுத்து, இது எத்தனை கிலோ என்று வாயால் படித்துப் பார்க்கிறோம். சந்தேகம் இருந்தால் அனுப்பியவரையே கேட்கிறோம். பட்டியலைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கொடுக்கும் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' என்ற வசதி எக்ஸெலில் இருக்கிறது. அதன் கடைசிப் படியில், வந்த பட்டியலின் தசமக் குறி எது, பிரிப்புக் குறி எது என்று நாமே குறித்துக் கொடுக்க முடியும். தம்பி மகன் இப்போது அப்படித்தான் செய்கிறான்.

மூன்றாவதாக, நாம் அனுப்பும் கடிதத்திலும் மின்னஞ்சலிலும் மாதத்தை எண்ணால் எழுதாமல் எழுத்தால் எழுதுகிறோம். முக்கியமான எடையையும் தொகையையும் எண்ணாலும் எழுத்தாலும் எழுதுகிறோம். இது புதிய யோசனை அல்ல. காசோலையில் நாம் செய்வதுதான். எண்ணில் ஒன்றும் எழுத்தில் ஒன்றும் இருந்தால், எழுத்தில் உள்ள தொகையே செல்லும் என்று 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18ஆவது பிரிவு சொல்கிறது. எண் ஏமாற்றலாம் என்று கம்ப்யூட்டர் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 'ஆயிரத்து ஐம்பது கிலோ' என்று எழுதினால் எந்த ரீஜனும் அதை ஒரு கிலோ ஆக்க முடியாது.

நான்காவதாக, மொத்தத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுவதை விட்டுவிட்டோம். கிட்டங்கியில் போட்ட எடையும் கம்ப்யூட்டர் எடையும் சரக்கு இறங்கிய அன்றே ஒத்துப் பார்க்கப்படுகின்றன. வருடக் கடைசி வரை காத்திருப்பதில்லை.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். பில்லிங் சாஃப்ட்வேர் விற்கவருகிறவர்களிடம் நாம் விலையையும் வருடக் கட்டணத்தையும் மட்டுமே பேரம் பேசுகிறோம். அவர்கள் அச்சடித்துத் தரும் ஒவ்வொரு அறிக்கையின் தலையிலும், தேதி எந்த வரிசையில் இருக்கிறது, எடை எந்த அளவில் இருக்கிறது, தசமக் குறி எது என்று ஒரு வரி அச்சாக வேண்டும் என்று சங்கத்தின் பெயரால் கேட்போம். பழைய பேரேட்டின் தலையில் இருந்த அந்த 'ரூ. அ. பை.' போல. வெளியிலிருந்து வரும் பட்டியலை ஏற்றும்போது, "இதை இப்படிப் படிக்கிறேன், சரியா?" என்று சாஃப்ட்வேர் ஒரு கேள்வி கேட்கட்டும். உறுப்பினர் கடைகளில் கம்ப்யூட்டர் பார்க்கும் பிள்ளைகளுக்கு இது பற்றி அரை நாள் வகுப்பு ஒன்றையும் சங்கம் நடத்தலாம்.

இனி, அண்ணாச்சி கதையை முடிக்க வேண்டும். பில்லைப் பார்த்த அன்று மாலையே தம்பி மகனையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். அவன்தான் முதலில் பேசினான். "தாத்தா, தப்பு என்னுடையது" என்றான். "உன்னுடையது இல்லை, கேட்டது நாங்கள்தான்" என்று சொல்லி, சாவிக்கொத்தை அவர் கையில் கொடுத்தோம். எல்லோர் முன்னாலும் கேட்டதால், மறுநாள் கடையில் எல்லோர் முன்னாலும் மன்னிப்பும் கேட்டோம். அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. கிட்டங்கி நோட்டை எடுத்து, விட்டுப்போன மூன்று நாள் வரவு செலவை எழுத ஆரம்பித்தார்.

அவர் இப்போதும் எழுதுகிறார். அது இரட்டை வேலை என்று நாங்கள் இப்போது சொல்வதில்லை. கம்ப்யூட்டர் ஒன்று சொல்லி, மனிதர் ஒன்று சொன்னால், மனிதர்மேல் சந்தேகப்படுவதற்கு முன் பில்லை எடுத்துப் பாருங்கள். வணிகப் பெருமக்களிடம் நாங்கள் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான்.